பின்கோடு மட்டும் பழசு!

ஒரு படத்துக்குப் பின்கோடைப் பெயராக வைக்க தனி தைரியம் வேண்டும் சார். 2007-ல் வெங்கட் பிரபு என்கிற புது டைரக்டருக்கு அது இருந்தது. 'சென்னை 600028'. தபால்காரர் பாஷையில் ராஜா அண்ணாமலைபுரம்.

அது வந்த நேரம் ஞாபகம் இருக்கிறதா? அந்த மார்ச்சில்தான் வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை. வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் உதை வாங்கி, முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டியது இந்தியா. கிரிக்கெட் என்றாலே ஊருக்கு எரிச்சல். அடுத்த மாசமே ஒரு கிரிக்கெட் படம். ஆனாலும் ஓடியது. ஏன்? அது டி.வி. கிரிக்கெட் இல்லை. நம்ம தெரு கிரிக்கெட்!

விசாலாட்சி தோட்டத்து ஷார்க்ஸ், ராயபுரம் ராக்கர்ஸ். ராக்கர்ஸ் பையன் ரகு ஷார்க்ஸ் பக்கம் குடிவருகிறான். அவ்வளவுதான் பிரச்னை. வில்லன் கிடையாது. பழனியின் தங்கை செல்வியை கார்த்திக் காதலித்ததில் நட்பு முறிகிறது. பொடிப் பசங்களிடம் பெட் மேட்ச் தோற்று மானம் போகிறது. இதெல்லாம் உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். அதனால்தான் சிரித்தீர்கள்.

ஒன்பது வருஷம் கழித்து, 2016 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஜெய், அதே சிவா, அதே பிரேம்ஜி. யுவனின் இசையும் உண்டு. சிரிப்பும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 28 எங்கே? ரகுவின் கல்யாணம் என்று மொத்த டீமையும் பஸ் ஏற்றி தேனிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்! பின்கோடு போஸ்டரில் இருக்கிறது, கதை ஊரை விட்டுப் போய்விட்டது. முதல் பாகத்தில் தேவைப்படாத வில்லன் இங்கே தேவைப்படுகிறார். பேச்சிலர் பார்ட்டி, ஆட்டக்காரி, மிரட்டல், தோற்றுக் கொடு என்று பேரம். இதற்கு கிரிக்கெட் எதற்கு? கபடி என்று மாற்றினாலும் இதே கதை நடக்கும்.

இன்னொரு கொடுமை, மனைவிகள். ஆண்கள் ஏன் ஆடுவதை விட்டார்கள்? பெண்டாட்டி விடவில்லை! முதல் படத்தில் அண்ணனுக்குத் தெரியாமல் காதலித்த அந்தத் தைரியமான செல்வியையும் இந்த லிஸ்ட்டில்தான் சேர்த்துவிட்டார்கள். நியாயமா இது? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், நீங்கள் பேட்டைப் பரண் மேல் போட்டது வீட்டுக்காரம்மா சொல்லியா? ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போன் வருகிறது. முட்டி வலிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஸ்டம்ப் நட்ட இடத்தில் இப்போது அபார்ட்மென்ட் நிற்கிறது. முப்பதைத் தாண்டிய, இடமில்லாத ஷார்க்ஸ் அதே தெருவில் என்ன செய்கிறார்கள்? அதுவல்லவா இரண்டாவது இன்னிங்ஸ்!

காமெடிக்குச் சரக்கு இல்லாத காலமா அது? 2008-ல் ஐ.பி.எல். வந்து ஆட்டக்காரர்களை ஏலம் போட ஆரம்பித்தாயிற்று. 2016-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் தடையில் இருந்தது. சென்னைக்கே ஐ.பி.எல்.லில் அணி இல்லாத வருஷம் சார்! தெரு டீம் கலாய்க்க இதைவிட நல்ல வருஷம் கிடைக்குமா? கோட்டை விட்டார்கள்.

நான் படித்தது பி.காம். கணக்கியலில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விலை உண்டு. பழைய கடையின் நல்ல பெயரைக் காட்டிப் புதுச் சரக்கை விற்கலாம். தப்பில்லை. ஆனால் எடுத்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துபோகும். அந்த முகங்களைத் திரையில் பார்த்ததும் தியேட்டரில் பறந்த விசில் இந்தப் படத்துக்கு விழுந்தது இல்லை. 2007 கணக்கிலிருந்து எடுத்தது.

டைரக்டரை மட்டும் சொல்லி என்ன பயன்? பழைய வசனத்தைத் திரும்பச் சொன்னாலே கைதட்டுவது நாம்தானே. நம் வயசு திரும்பக் கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். அதற்கு டிக்கெட் வாங்குகிறோம், கதை இருக்கிறதா என்று கேட்பதில்லை. அவர்களும் எழுதுவதில்லை.

மூணாம் பாகம் என்று ஒன்று எடுத்தால், யார் யார் நடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். 28-ல் எந்த இடத்தில் ஸ்டம்ப் நடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் மட்டும் டிக்கெட் வாங்குங்கள்.