இருளை அகற்ற வந்த விளக்கு எதிரில் வருபவரின் கண்ணைப் பறிக்கலாமா?

இரவு எட்டு மணிக்குப் பின்னர் ஏ-9 வீதியில் ஓமந்தையைக் கடந்து மாங்குளம் நோக்கிப் பயணிப்போர் ஓர் அனுபவத்தை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். எதிர்த்திசையில் வெள்ளையும் நீலமும் கலந்த ஒளி தோன்றுகிறது. அருகே வர வர அது கண்களைக் கூசச் செய்கிறது. வீதியின் ஓரம் எது, நடுக்கோடு எது, முன்னால் செல்லும் சைக்கிள் எங்கே என்பது தெரியாமல் போகிறது. விளக்கைத் தாழ்த்துமாறு சமிக்ஞை காட்டினாலும் பயன் கிட்டுவதில்லை. காரணம், எதிரே வருபவர் ஏற்கனவே விளக்கைத் தாழ்த்தித்தான் வைத்திருக்கிறார். கெப் ரக வாகனமொன்று கடந்து சென்ற பின்னரும் சில வினாடிகளுக்குக் கண்முன் இருளே எஞ்சுகிறது.

இது வன்னிக்கு மாத்திரம் உரிய பிரச்சினை அல்ல. நுவரெலியாவின் வளைவுகளிலும், தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிச் செல்லும் வாகனங்கள் நிறைந்த வீதிகளிலும், மட்டக்களப்பு - பொலன்னறுவை வீதியிலும் இதே நிலைமையே காணப்படுகிறது. வாகனத்துடன் வந்த முன்விளக்கை அகற்றிவிட்டு, சந்தையில் வாங்கிய எல்.ஈ.டி. அல்லது எச்.ஐ.டி. மின்குமிழ்களைப் பொருத்திக்கொள்வது நாடெங்கும் பரவிவிட்ட வழக்கமாகும். இதனை வெறும் அலங்கார மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறிகொடுக்கும் நாட்டில், இரவில் சாரதியின் பார்வையைப் பாதிக்கும் எதுவும் பொதுப் பாதுகாப்புடன் தொடர்புடைய விடயமே.

முதலில், விளக்கை மாற்றுபவரின் பக்கத்து நியாயத்தையும் நாம் செவிமடுக்க வேண்டும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் மக்கள் தம்மிடமிருந்த பழைய வாகனங்களையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய கெப் வாகனம் சாதாரண விவசாயிக்கோ சிறு வியாபாரிக்கோ எட்டாத கனியாகவே இருக்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வாகனத்தின் முன்விளக்குக் கண்ணாடி வெயிலில் மஞ்சளித்துப் போயிருக்கும். உட்புறப் பிரதிபலிப்பான் மங்கியிருக்கும். வீதி விளக்குகளே இல்லாத கிராமத்துப் பாதையில் மாடும் யானையும் குறுக்கிடும்போது, அந்த மங்கிய ஒளியை நம்பிச் செல்ல எவரும் அஞ்சுவர். அதிகாலைச் சந்தைக்கு நள்ளிரவில் புறப்படும் ஒருவர், தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று விரும்புவது குற்றமல்ல.

குற்றம் எங்கே நிகழ்கிறது என்றால், அந்த நியாயமான தேவைக்குத் தவறான தீர்வு விற்கப்படும் இடத்திலாகும். கொழும்பு பஞ்சிகாவத்தை முதல் சிறு நகரங்களின் உதிரிப்பாகக் கடைகள் வரை, பழைய மின்குமிழைக் கழற்றிய இடத்தில் அப்படியே மாட்டக்கூடிய எல்.ஈ.டி. மின்குமிழ்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வெளிச்சமும் பல மடங்கு கூடியதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது என்ன என்பதை வாங்குபவரோ, பல சந்தர்ப்பங்களில் பொருத்துபவரோ அறிவதில்லை.

முன்விளக்கு என்பது மின்குமிழ் மட்டுமன்று. மின்குமிழும் அதனைச் சூழ்ந்த பிரதிபலிப்பானும் முன்கண்ணாடியும் சேர்ந்த ஒரே ஒளியியல் சாதனம் அது. கெப் வாகனங்கள் பலவற்றில் காணப்படும் எச்-4 ரக ஹலோஜன் மின்குமிழை எடுத்துக்கொள்வோம். அதனுள் 60 வொற், 55 வொற் என இரு இழைகள் உள்ளன. தாழ் ஒளிக்கான இழையின் கீழே சிறியதொரு உலோகக் கிண்ணம் இருக்கிறது. கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது மறைப்பதனாலேயே, வீதியில் விழும் ஒளிக்கு மேல்விளிம்பொன்று உருவாகிறது. அந்த விளிம்புக்குக் கீழே வீதி தெளிவாகத் தெரியும். மேலே, எதிரே வருபவரின் கண் இருக்கும் இடத்தில், ஒளி மிகக் குறைவாக இருக்கும். இந்த ஏற்பாடு முழுவதும் மெல்லிய இழை இருக்கும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட்டுள்ளது. அந்த இடத்தில் வேறு வடிவமும் வேறு அளவும் கொண்ட ஒளிமூலத்தை வைத்தால், பிரதிபலிப்பான் அதனை எங்கு அனுப்புவதென்று அறியாமல் எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. வீதிக்குச் செல்ல வேண்டிய ஒளியில் ஒரு பகுதி எதிர்வருபவரின் முகத்துக்கும் மரக்கிளைக்கும் போகிறது.

இதில் முரண்நகை ஒன்றும் உண்டு. வாகனத்துக்கு மிக அருகே தரை பளிச்சென்று தெரிவதால், சாரதிக்குத் தாம் நன்றாகப் பார்க்கிறோம் என்ற எண்ணம் ஏற்படுகிறது. ஆனால் அருகிலுள்ள பிரகாசத்துக்குக் கண் பழகிவிடும்போது, தொலைவில் இருளில் நிற்கும் மனிதரையோ மாட்டையோ காணும் திறன் குறைகிறது. மழையிலும் மலைநாட்டுப் பனிமூட்டத்திலும் நீலம் கலந்த வெண்ணிற ஒளி சாரதியின் கண்ணுக்கே திரும்பி வந்து பெரும் கூச்சத்தை உண்டாக்குகிறது. பணம் கொடுத்து வாங்கிய வெளிச்சம் வாங்கியவருக்கே முழுமையாக உதவுவதில்லை என்பதே உண்மை.

கெப் வாகனம் என்பதால் பாதிப்பு மேலும் அதிகரிக்கிறது. காரின் விளக்கைவிட அதன் விளக்கு உயரத்தில் இருக்கிறது. ஒரு மீற்றர் உயரத்திலுள்ள விளக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், 25 மீற்றர் தொலைவில் ஒளியின் மேல்விளிம்பு 75 சென்றிமீற்றர் உயரத்தில் இருக்கும். அதே விளக்கு ஒரேயொரு பாகை மேலெழுந்தால், அவ்விளிம்பு ஏறத்தாழ 1.2 மீற்றருக்கு உயர்ந்துவிடும். அது சிறிய கார் சாரதியின் கண்மட்டமாகும். ஒரு பாகை எழுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. பின்பெட்டியில் நெல் மூட்டைகளையோ சீமெந்துப் பைகளையோ ஏற்றினால் பின்புற வில்தகடுகள் தாழ்ந்து, முன்புறம் தானாகவே உயர்கிறது. பல வாகனங்களில் விளக்கின் சாய்வை மாற்றும் சிறு திருகுச்சில்லு சாரதி ஆசனத்தருகே இருந்தபோதிலும், அதனைத் தொட்டுப் பார்த்தவர்கள் சொற்பமே. உயரத்தைக் கூட்டும் உபகரணங்களையும் பெரிய டயர்களையும் பொருத்திக்கொள்வோர், அதன்பின் விளக்கை மீளச் சீரமைப்பதும் அரிது.

அநேகர் கவனிக்காத மற்றொரு விடயமும் உண்டு. நாம் வீதியின் இடப்பக்கமாக வாகனம் செலுத்துபவர்கள். எனவே நமது வாகனங்களின் தாழ் ஒளி, வீதியோரத்துப் பாதசாரியும் பெயர்ப்பலகையும் தெரியும் பொருட்டு இடப்பக்கம் சற்று உயர்ந்தும், எதிர்வாகனம் வரும் வலப்பக்கம் தாழ்ந்தும் அமைந்திருக்கும். சீனா, அமெரிக்கா போன்ற வலப்பக்கப் போக்குவரத்து நாடுகளுக்கென உற்பத்தியான முழு விளக்குத் தொகுதியை இங்கு பொருத்தினால் இவ்வொழுங்கு தலைகீழாகிறது. எவ்வளவு உயர்ந்த தரத்தில் அது தயாரிக்கப்பட்டிருந்தாலும், உயர்ந்த ஒளிப்பகுதி நேராக எதிர்வருபவரின் கண்ணை நோக்கியே செல்லும்.

ஹலோஜனையே வைத்துக்கொண்டு 100 வொற் மின்குமிழ்களைப் பொருத்துவோரும் உள்ளனர். 55 வொற் மின்குமிழ்கள் இரண்டுக்கு 12 வோல்ட் மின்சுற்றில் சுமார் ஒன்பது அம்பியர் மின்னோட்டமே தேவை. 100 வொற் மின்குமிழ்கள் இரண்டு சேரும்போது அது பதினாறு அம்பியரைத் தாண்டுகிறது. பழைய வயர்களும் ஆளிகளும் இச்சுமைக்கு உருவாக்கப்பட்டவை அல்ல. மின்குமிழ்த் தாங்கி உருகுவதும், பிரதிபலிப்பான் கருகுவதும், சில வேளைகளில் தீப்பற்றுவதும் இதன் விளைவுகளாகும்.

மறுபக்கத்தில் இருப்பவரின் நிலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றரைக் கடக்கிறது. கண்கூச்சத்திலிருந்து மீள மூன்று வினாடிகள் ஆனால், அவர் 50 மீற்றர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமமாகும். வயது முதிர்ந்தவர்களுக்கும் கண்ணில் வெண்புரை தோன்றியவர்களுக்கும் இந்நேரம் மேலும் நீளும். அந்த 50 மீற்றருக்குள் பின்விளக்கில்லாத சைக்கிளில் வீடு திரும்பும் கூலித் தொழிலாளி இருக்கலாம். நிறுத்தி வைக்கப்பட்ட உழவு இயந்திரம் இருக்கலாம். விபத்து நடந்த பின்னர் பொலிஸ் அறிக்கையில் வேகம், கவனயீனம், மதுபோதை என்பன பதிவாகும். கண்ணைப் பறித்த விளக்கோ அதற்குள் பல மைல் தூரம் சென்றிருக்கும். அதனாலேயே இப்பிரச்சினையின் உண்மையான அளவு புள்ளிவிபரங்களில் வெளிப்படுவதில்லை என்று கருத வேண்டியுள்ளது.

இவ்வாறானதொரு நிலையில் அரசு என்ன செய்தது? 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் கீழ், பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக உபகரணங்களை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். தொழிற்சங்கங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததையடுத்து கால அவகாசம் வழங்கப்பட்டது. சட்டவிரோத விளக்குகளுக்கு எதிரான சோதனைகள் அதன் பின்னரும் இடம்பெற்றன. இந்நடவடிக்கைகளின் நோக்கத்தை நாம் வரவேற்கிறோம். எனினும் அலங்கார விளக்கும் கண்ணைப் பறிக்கும் முன்விளக்கும் ஒரே குற்றமாகப் பார்க்கப்படுவது பொருத்தமற்றது. கூரையில் மினுங்கும் வண்ண விளக்கு பகலிலும் கண்ணில் படும். முன்விளக்கின் ஒளி எங்கு விழுகிறது என்பதையோ அளந்துதான் அறிய முடியும். அளக்கும் கருவி இல்லாமல் வீதியோரத்தில் நின்று தண்டப்பத்திரம் எழுதுவது பக்கச்சார்புக்கும் கையூட்டுக்கும் மாத்திரமே வழிவகுக்கும்.

ஏனைய நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பது நோக்கத்தக்கது. பிரித்தானியாவில் ஹலோஜனுக்கென வடிவமைக்கப்பட்ட விளக்கில் எச்.ஐ.டி. மின்குமிழ் பொருத்தப்பட்டிருந்தால், 2021 முதல் அந்தக் கார் வருடாந்தப் பரிசோதனையில் தோல்வியடைகிறது. நமக்கு அதிக வாகனங்களை அனுப்பும் ஜப்பானில், தாழ் ஒளியின் திசையும் செறிவும் பரிசோதனை நிலையத்தில் கருவி மூலம் அளக்கப்படுகின்றன. ஜேர்மனி வேறொரு வழியைக் காட்டியது. அங்கு 2020 இல், குறிப்பிட்ட எல்.ஈ.டி. மாற்று மின்குமிழொன்று, சோதிக்கப்பட்ட குறிப்பிட்ட வாகன மாதிரிகளில் மாத்திரம் பயன்படுத்த அனுமதி பெற்றது. எந்த வாகனத்தில், எந்த விளக்கில் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று சோதித்த பின்னரே அனுமதி என்பதே அதன் சாரம். தொழில்நுட்பத்தை முற்றாகத் தடுக்காமல் அதன் பொருத்தத்தை உறுதிசெய்யும் இந்த அணுகுமுறை நமக்கும் ஏற்புடையதே.

நமது நாட்டில் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயமாகும். இதற்கென நாடெங்கும் நிலையங்கள் இயங்குகின்றன. அதே நிலையத்தில் முன்விளக்கின் சாய்வை அளக்கும் எளிய கருவியொன்றையும் வைத்து, சில நிமிடங்களில் பரிசோதித்து, தேவையானால் அங்கேயே திருகாணியைத் திருப்பிச் சரிசெய்து அனுப்புவது இயலாத காரியமல்ல. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் இதனைப் பரிசீலிக்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஹலோஜன் விளக்கே பாவனைக்கு வராத காலத்தில் எழுதப்பட்டது. திருத்தங்கள் பல கண்டிருப்பினும், இன்றைய ஒளிமூலங்கள் குறித்துத் தெளிவான, மூன்று மொழிகளிலும் சாரதிக்குப் புரியக்கூடிய விதிகள் அவசியம். அனைத்துக்கும் மேலாக, துறைமுகத்தைக் கடந்து கடைக்கு வரும் மின்குமிழுக்குத் தர நிர்ணயம் இருக்க வேண்டும். இறக்குமதி செய்பவரையும் விற்பவரையும் விட்டுவிட்டு, வாங்கிய விவசாயியை மாத்திரம் தண்டிப்பது நீதியாகாது.

அதுவரை வாகன உரிமையாளர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. மஞ்சளித்த முன்கண்ணாடியை முறையாக மெருகூட்டினாலே இழந்த ஒளியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். துருப்பிடித்த மின்இணைப்புகளையும் புவித்தொடுப்பையும் சுத்தம் செய்து, தேவையெனில் தரமான ரிலேயுடன் புதிய வயர் இட்டால், அதே 55 வொற் மின்குமிழ் முழு அளவில் ஒளிரும். சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீற்றர் தூரத்தில் வாகனத்தை நிறுத்திப் பார்த்தால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிடக் குறைந்தது 7.5 சென்றிமீற்றர் கீழே இருக்க வேண்டும். விளக்கு உயர்ந்த வாகனங்களுக்கு இன்னும் சற்றுக் கீழே இருப்பது நன்று. சுமை ஏற்றிய பின்னரும் இதனைப் பார்க்க வேண்டும். பிரகாசமான விளக்கு வேண்டுமென்போர், இடப்பக்கப் போக்குவரத்துக்கென வில்லையுடன் தயாரான முழுத் தொகுதியைப் பொருத்திச் சீரமைத்துக்கொள்வதே முறையாகும்.

விளக்கை மாற்றியவர் பெரும்பாலும் தீய எண்ணம் கொண்டவரல்லர். தமது ஒளி எதிரிலிருப்பவருக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவர் ஒருபோதும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஓர் இரவு தமது வாகனத்தை நண்பரொருவரிடம் கொடுத்து எதிரே வரச்செய்து, தாம் வீதியோரத்தில் நின்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அதிகாரிகளோ, பெருவிபத்தொன்று நிகழ்ந்து உயிர்கள் பலியாகும் வரை காத்திருக்கக் கூடாது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை என்பதைச் சம்பந்தப்பட்ட தரப்பினருக்கு நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம்.