சிங்கப்பூரில் வீடு தேடும் பிள்ளைகளுக்கு



சிங்கப்பூரில் வேலை கிடைத்த என் மாணவன் ஒருவன் ஊரிலிருந்தே அறைக்கு முன்பணம் அனுப்பினான். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு குடும்பம். முகவர் போனை எடுக்கவே இல்லை.

முகவரின் பதிவு எண்ணை சி.இ.ஏ. என்ற அரசு அமைப்பின் இணையப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது. 6 மாதத்துக்குக் குறைவாக அதை வாடகைக்கு விடவும் கூடாது. இதுதான் அங்கே சட்டம்.

உறவுகளே, "இன்னும் வீடு வாங்கலையா?" என்று பிள்ளைகளை நச்சரிக்காதீர்கள். வீவக வீட்டை வெளிநாட்டவர் வாங்க முடியாது. தனியார் வீடு என்றால், 2023 ஏப்ரல் முதல் இந்தியக் குடிமக்களுக்குக் கூடுதல் முத்திரை வரி மட்டுமே 60 சதவீதம். வாடகையில் இருப்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பணம் அனுப்புமுன் எனக்கொரு போன் போடுங்கள். சேர்ந்தே சரிபார்ப்போம்.