இசைவு எந்த மொழியில் கேட்கப்பட்டது?

பெரிய நிக்கோபாரில் நிகழ்வது இயற்கைக்கும் வளர்ச்சிக்கும் இடையிலான மோதல் என்று கருத்தரங்குதோறும் சொல்லப்படுகிறது. அச்சொல்லாடலே பிழை. மோதல், நிலத்தில் வாழ்வோருக்கும் அந்நிலத்துக்குப் பெயரிடும் அதிகாரம் படைத்தோருக்கும் இடையிலானது.

கலாத்தியா என்பதே 1846இல் அத்தீவுகளுக்கு வந்த டென்மார்க்குக் கப்பலின் பெயர். அப்பெயரில் 1992இல் தேசியப் பூங்கா அமைந்தது. அதையடுத்த விரிகுடா, தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிடும் கரை, 1997இல் சரணாலயமாயிற்று. 2021 ஜனவரியில், துறைமுகத்துக்காக அச்சரணாலயமே நீக்கப்பட்டது. பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலத்தின் அகலமோ 2020 வரைவு அறிவிக்கையின்படி சுழியம் முதல் 1 கிலோமீட்டர். சுழிய அகலமுள்ள காப்பு வளையம் எதனைக் காக்கும்?

இழப்புக்கு ஈடாம், 2022இல் சிறிய நிக்கோபாரிலும் மெரோ, மென்சால் தீவுகளிலும் மூன்று சரணாலயங்கள் முளைத்தன. அவை நிக்கோபாரிகளின் மரபுவழி நிலங்கள். காடழிப்புக்கு ஈடான மரநடவுக்கு ஹரியாணா தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆக, காப்பு என்ற சொல் துறைமுகத்தின்முன் நெகிழ்கிறது. பழங்குடியினர்முன் மட்டும் இறுகுகிறது.

இசைவு பெறப்பட்டதே என்பர். 2022 நவம்பரில் பழங்குடியினர் மன்றம் தான் தந்த தடையின்மைச் சான்றைத் திரும்பப் பெற்றது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் இடம்பெயர்க்கப்பட்டோர் திரும்ப விழையும் பழைய ஊர்கள் திட்ட எல்லைக்குள் அடங்கியது தங்களுக்கு உரைக்கப்படவில்லை என்பது அவர்களின் முறையீடு. ஷொம்பேன்களின் நிலை இன்னும் கடிது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். அவர்கள் மொழியின் குடும்ப உறவு குறித்தே அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. பதிவுகளும் மிகச் சொற்பம். 'கொள்கலன் மாற்றுத் துறைமுகம்' என்பதை அம்மொழியில் விளங்க உரைக்க வல்லார் யார்? விளங்காதவரிடம் பெற்றது இசைவாகாது.

நாட்டின் பாதுகாப்பு என்பது அடுத்த வாதம். காம்ப்பெல் விரிகுடாவில் 2012 முதலே கடற்படைத் தளம் இயங்குகிறது. அதனை வலுப்படுத்துவது ஒன்று. வணிகத் துறைமுகமும் புதுநகரமும் எழுப்புவது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் மூடுவது வாதமன்று, மறைப்பு.

தீர்வுகள் புதியன அல்ல. 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைகள் முதலில் தீர்மானிக்கப்பட வேண்டும். பழைய ஊர்களுக்குத் திரும்பும் உரிமை ஏற்கப்பட வேண்டும். விரிகுடாவின் சரணாலயத் தகுதி மீட்கப்பட வேண்டும். பெருந்திட்டங்களினும் ஷொம்பேன் நலனே முதன்மை என்ற 2015 கொள்கையை அரசு தானே எழுதியது. அதனை மதித்தல் போதும். அம்மக்களின் மொழியறிந்த இடையாளர் உருவாகும்வரை அவர்கள் காட்டில் கோடாரி விழலாகாது. அவர்களின் மௌனத்தைச் சம்மதமென மொழிபெயர்க்க எந்த அகராதியும் இடந்தராது.