புகைக்கூட்டுக்குக் கீழே நிற்பது யார்?



டூங்கபி, பென்டில் ஹில் பக்கம் பழைய வீடு வாங்குகிற எங்கட ஆக்கள் முதலில் செய்ய நினைப்பது ஹோலைப் பெருசாக்குவது. ஃபயர்பிளேஸைச் சுற்றி அறைக்குள் துருத்தி நிற்கிற செங்கல் கட்டுத்தான் முதலில் போகும். "கேஷுக்கு ரெண்டு பொடியனைப் பிடிச்சால் ஒரு சனிக்கிழமையில முடிஞ்சிடும்." இந்தக் கணக்கில் அந்தப் பொடியன்களின் உயிர் சேரவில்லை.

கூரைக்கு மேலே தெரிகிற புகைக்கூட்டின் பாரம் அந்தக் கட்டின் மேல்தான் இறங்குகிறது. ஒரு கன மீற்றர் செங்கல் கட்டு கிட்டத்தட்ட 2 தொன். மேலே இருப்பதைத் தாங்க ஏற்பாடு செய்யாமல் கீழே உடைத்தால், அது உடைக்கிறவரின் தலையில்தான் விழும். ஒன்றில் உச்சியிலிருந்து முழுதாக இறக்க வேணும். இல்லாவிட்டால் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் கணக்குப் பார்த்த தாங்கு பீமை முதலே ஏற்ற வேணும்.

அடுத்தது தூசி. செங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பழைய ஃபைப்ரோ வீடுகளில் ஆஸ்பெஸ்டஸும் இருக்கலாம். பரமட்டாவுக்குப் பக்கத்தில், கமீலியாவில் இருந்த ஜேம்ஸ் ஹார்டி ஆலையில் வேலை செய்த பெர்னி பான்டன், நட்டஈட்டுக்காகக் கம்பனியோடு போராடியவர். 2007இல் ஆஸ்பெஸ்டஸ் நோயால் இறந்தார். இதெல்லாம் எங்கட ஊர் வரலாறுதான்.

"அவங்களுக்கும் காசு வேணும்தானே" என்பார்கள். வேணும்தான். அதனால்தான் பிரிட்ஜிங் விசாவில் வருசக்கணக்காகக் காத்திருக்கிற ஒருவரால் "இது ஆபத்து, செய்யமாட்டேன்" என்று சொல்ல முடிவதில்லை. கடும் ஆபத்து வந்தால் வேலையை நிறுத்தும் உரிமையை 2011ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்குக் கொடுக்கிறது. ஆனால் தனி ஆளுக்கு அது வெறும் கடதாசி. 1971இல் கெலிஸ் புஷ் காட்டை அழிக்கமாட்டோம் என்று கட்டடத் தொழிலாளர் மறுத்தபோது அந்த மறுப்பு வென்றது. ஏனென்றால் பின்னால் பில்டர்ஸ் லேபரர்ஸ் ஃபெடரேஷன் நின்றது.

இந்தப் பொடியன்களுக்குப் பின்னால் யார் நிற்பது? வீட்டுக்காரரின் பிள்ளைகளான நாங்கள்தான் முதலில் வாய் திறக்க வேணும். எஞ்சினியரின் கடிதம் வராமல் சுத்தியல் எடுக்கக்கூடாது. ஆஸ்பெஸ்டஸ் சோதனை முடியாமல் எதையும் உடைக்கக்கூடாது. 5,000 டொலருக்கு மேற்பட்ட வேலை என்றால் லைசன்ஸ் உள்ளவரிடம்தான் கொடுக்க வேணும். உதவிக்கு வருகிறவருக்கும் முழுச் சம்பளம், காப்புறுதி வேணும்.

செலவு கூடும்தான். இப்போது மிச்சம் பிடிக்கிற அந்தக் காசு வேறொருவரின் முதுகிலிருந்து எடுத்தது. அப்பா அம்மாவோடு சாப்பாட்டு மேசையில் இதைப் பேசுவதும் அரசியல்தான்.