தீர்ப்பு எதற்குச் சான்று?

இணையத்தில் தரவு தேடும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வரிசை சொல்லித்தருவார்கள். அரசு ஆவணம், நீதிமன்றத் தீர்ப்பு, ஆய்விதழ் மேலே. நாளிதழ் அடுத்து. இயக்க வலைத்தளமும் யூடியூப் நேர்காணலும் கடைசியில். கீழ்வெண்மணி பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த வரிசை நம்மை எங்கே கொண்டுபோய் விடும்?

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ராமையாவின் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கீழ்நீதிமன்றம் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்ற மிராசுதார்களையும் 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்த நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை.

வரிசைப்படி இதுதான் முதல்தரச் சான்று. ஆனால் எதற்கு? அன்றிரவு தீ வைத்தது யார் என்பதற்கு அல்ல. 1973இல் நீதிபதிகளுக்கு எது நம்பத்தக்கதாகத் தோன்றியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. தீர்ப்பைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அதை மேற்கோள் காட்டும்போது எந்தக் கேள்விக்கான பதிலாகக் காட்டுகிறோம் என்பதைப் பாருங்கள் என்கிறேன்.

நம் பக்கமும் ஒழுங்காக இல்லை. டிசம்பர் வந்தால் பதிவுகள் குவியும். ஒன்றில் 42 பேர், இன்னொன்றில் 44. எங்கே எடுத்தது என்றே தெரியாத படங்கள் வேறு. பத்துத் தளங்களில் ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தால் அது பத்துச் சான்று இல்லை, ஒன்றுதான். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். தோழர் பகிர்ந்தார் என்பதெல்லாம் வாய்மொழித் தேர்வில் செல்லாது. ஒரு எண் தவறினால் போதும், மொத்தத்தையும் 'பிரச்சாரம்' என்று ஒதுக்கிவிட அங்கே ஆள் காத்திருக்கிறது.

அப்படிப் பின்னோக்கிப் போனால் மைதிலி சிவராமன் அந்தக் காலத்திலேயே எழுதியவை கிடைக்கும். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் தப்பிப் பிழைத்தவர்களே பேசுகிறார்கள். அவர்களிடமும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்: கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, எத்தனை ஆண்டு கழித்துச் சொல்வது? 'வாய்மொழிதானே, அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதிகளும் அந்தத் தெருவில் இருக்கவில்லையே. என் கட்டுரையில் இரண்டும் ஒரே பத்தியில்தான் வருகின்றன.