வளர்த்த கழகத்துக்கு என்ன கிடைக்கிறது?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, விளையாட்டுக் கழகம் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மென்பந்துச் சுற்றுப்போட்டி நடத்திச் சேர்த்த நுழைவுக் கட்டணம், கடைக்காரர் தரும் அன்பளிப்பு, கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் ஊரவர் அனுப்பும் உதவி ஆகியவற்றை வைத்துத்தான் பெரும்பாலானவை ஓடுகின்றன. கடினப் பந்துக்கு மாறும்போது செலவு பல மடங்காகிறது. சீமெந்துத் தரையில் அடிபட்ட பந்தின் தையல் சில நாட்களில் பிரிந்துவிடும். கால்காப்பு இரண்டு சோடிதான் இருக்கும். ஆட்டமிழந்து வருபவர் கழற்றக் கழற்ற அடுத்தவர் வாங்கிக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். களுவாஞ்சிகுடிக்கோ ஏறாவூருக்கோ ஆடப் போனால் வான் கூலியைக் கழகம்தான் தேட வேண்டும். இப்படி ஏழெட்டு ஆண்டுகள் வளர்த்த பிள்ளை பத்தொன்பது இருபது வயதில் இராணுவ, பொலிஸ் அணிகளுக்கோ கொழும்புக் கழகங்களுக்கோ போகிறது. போகத்தான் வேண்டும், அங்கேதான் தொழில் இருக்கிறது, தேர்வாளர்களின் கண்ணும் இருக்கிறது. ஆனால் வளர்த்த கழகத்துக்குப் பாராட்டு விழா நடத்தும் செலவுதான் மிஞ்சுகிறது. அந்தக் கழகத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பதும், அந்த ஈட்டின் சுமை வீரரின் தலையில் விழக்கூடாது என்பதும் என் வாதம்.

இதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. எல்லே ஆடத் தெரிந்த நமக்குப் பேஸ்போல் அத்தனை அந்நியமான ஆட்டமல்ல. அமெரிக்கப் பேஸ்போலில் ஒப்பந்தம் முடிந்த முன்னணி வீரர் ஒருவருக்கு அவரது அணி ஓராண்டுக்கான உயர்ந்த சம்பளத்தைச் சொல்லி அழைப்பு விடுக்கலாம். அவர் மறுத்து வேறு அணிக்குப் போனால், இழந்த அணிக்கு அடுத்த இளம் வீரர் தெரிவில் மேலதிகமாக ஓர் இடம் கிடைக்கும். 2012 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்வது, ஈடு எல்லோருக்கும் ஒரே அளவாக இல்லை என்பதுதான். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ நியூயோர்க் யாங்கீஸை விட்டு நியூயோர்க் மெட்ஸுக்கு 15 ஆண்டுகளுக்கு 765 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் போனார். அத்தனை பெரிய வீரரை இழந்தும், சம்பள உச்ச வரம்பைத் தாண்டிச் செலவிடும் பணக்கார அணி என்பதால் யாங்கீஸுக்கு நான்காம் சுற்றுக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. வருமானம் குறைந்த அணி ஒன்று பெரிய ஒப்பந்தத்துக்குப் போகும் வீரரை இழந்தால் முதல் சுற்று முடிந்த கையோடு இடம் பெறும். இல்லாதவருக்குக் கூடுதலாக, அதுவும் பணமாக அன்றி வாய்ப்பாக ஈடு போகிறது.

உதைபந்தாட்டத்தில் பீபா வேறு வழியை எடுத்தது. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரர் பணத்துக்குக் கைமாறினால், அந்தத் தொகையின் 5 வீதம் அவர் 12 முதல் 23 வயதுவரை ஆடிய கழகங்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 வீதம், அதன்பின் ஆண்டுக்கு 0.5 வீதம் என்று கணக்கு. எங்கோ ஒரு சிற்றூர்க் கழகம் இந்தப் பணத்தில் மைதானத்துக்கு வேலி போடலாம். நம் சிக்கல் என்னவென்றால், இங்கே பெரும்பாலும் கைமாற்றுத் தொகை என்ற ஒன்றே கிடையாது. இராணுவ அணி ஒரு இளைஞரை விலைக்கு வாங்குவதில்லை. வேலை கொடுத்து எடுத்துக்கொள்கிறது. பூச்சியத்தில் 5 வீதம் பூச்சியம்தான். ஆகவே வெளிநாட்டு விதியை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

ஈடு வேண்டும் என்றவுடன் எழும் முதல் மறுப்பு, அது ஏழைப் பிள்ளையின் வழியை அடைத்துவிடும் என்பது. இந்த அச்சத்துக்கு ஆதாரம் அதே பேஸ்போலில் இருக்கிறது. 1981இல் அணி உரிமையாளர்கள், வீரரை இழந்த அணிக்கு இன்னொரு வீரரையே ஈடாகத் தர வேண்டும் என்றார்கள். வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 713 ஆட்டங்கள் கைவிடப்பட்டன. 2019இல் கிரெய்க் கிம்ப்ரெல், டலஸ் கைக்கல் என்ற இரு சிறந்த பந்துவீச்சாளர்கள் பருவம் தொடங்கி இரண்டு மாதங்கள் கடந்தும் அணியில்லாமல் இருந்தார்கள். அவர்களை எடுத்தால் இளம் வீரர் தெரிவில் தன் இடத்தை இழக்க வேண்டும் என்பது ஒவ்வொரு அணிக்கும் தடையாக இருந்தது. ஜூனில் அந்தத் தெரிவு முடிந்து, தண்டனை நீங்கிய பிறகே இருவருக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. எடுப்பவரைத் தண்டிக்கும் எந்த ஏற்பாடும் கடைசியில் வீரரையே தண்டிக்கிறது. அதனால்தான் ஈடு ஒரு பொது நிதியிலிருந்து வர வேண்டும் என்கிறேன். ஏறாவூர்ப் பையனை எடுத்தாலும் கொழும்புப் பையனை எடுத்தாலும், எடுக்கும் அணிக்குச் செலவில் ஒரு சதமும் வித்தியாசம் இருக்கக்கூடாது.

வீரர் யாருடைய சொத்துமல்ல, பிறகு எதற்கு ஈடு என்று கேட்பவர்களும் உண்டு. 1995இல் உதைபந்தாட்ட வீரர் பொஸ்மனின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் வீரரின் சுதந்திரத்தை உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் 2010இல் ஒலிவியே பெர்னார் வழக்கில், இளையோரைப் பயிற்றுவிப்பதை ஊக்குவிக்க ஈடு கேட்பது நியாயமே, ஆனால் அது உண்மையான பயிற்சிச் செலவோடு பொருந்த வேண்டும் என்றது. நாம் கேட்பதும் அவ்வளவுதான்: பிள்ளைக்கு விலையல்ல, பந்துக்கும் வான் கூலிக்கும் ஆன செலவு.

உள்ளூரில் சொல்லப்படும் மறுப்பு இன்னும் கூர்மையானது. ‘காசு வந்தால் கழக நிர்வாகிகளுக்குள் சண்டை வரும், பாதி காணாமற்போகும்’ என்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆகவே காசாகக் கொடுக்க வேண்டாம். ஒரு வீரர் தேசிய மட்ட அணிக்குப் போனால், அவரை வளர்த்த கழகத்துக்கு ஒரு பருவத்துக்கான பந்தும் மெற்றிங்கும், ஒருவருக்குப் பயிற்சியாளர் பாடநெறியில் இடமும், அடுத்த தேசியத் தெரிவு முகாமில் இருவருக்குப் பயணச் செலவோடு இடமும் கொடுக்கலாம். இந்தக் கடைசி அம்சமே எனக்கு முக்கியம். 2021இல் நடந்த உதைபந்தாட்ட சுப்பர் லீக்கில் பத்து அணிகள் இருந்தும் கிழக்குக்கு ஒன்றுகூட இல்லை. 2022இல் தேசிய சுப்பர் லீக் கிரிக்கெட்டில் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை என ஐந்து அணிகள். அதிலும் கிழக்கு இல்லை. யாழ்ப்பாணத்தின் பெயரில் அணி இருந்ததால் யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் ஆட முடிந்தது. 2024இல் ஐபிஎல் வரை போனார். அந்த வாசல் இங்குள்ள பிள்ளைக்கு இன்னும் திறக்கவில்லை. திறக்கும்வரை முகாமில் இரண்டு இடமாவது உறுதியாக வேண்டும்.

பயிற்சி என்பது இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் புகழுக்குப் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளின் உழைப்பு இருந்தது. வெபர் அடிகளாரின் பெயர் மைதானத்தில் நிற்கிறது. பல ஆண்டுகள் அந்தக் கல்லூரியில் பயிற்றுவித்த ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். அவர்களுக்குப் பின்னால் ஒரு சபை இருந்தது. இன்று வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ மாலையில் விசிலோடு நிற்கும் இளைஞருக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அவர் கூலி வேலை முடித்துவிட்டு வருகிறார். அவரது தியாகத்தை நம்பி ஒரு நாட்டின் விளையாட்டுத் திட்டம் ஓடக்கூடாது.

யார் வளர்த்தார் என்பதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்விக்குப் பதில் எளிது. பிள்ளை எந்த ஆண்டு எந்தக் கழகத்தில் ஆடியது என்ற பதிவை மாவட்டத்தின் 14 பிரதேச செயலகங்களிலும் உள்ள விளையாட்டு உத்தியோகத்தர்கள் ஆண்டுதோறும் எடுக்கலாம். பாடசாலையும் ஒரு பங்காளியாகப் பதிவாகட்டும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி செய்யும் அதிகாரம் அமைச்சருக்கு இருக்கிறது. படை அணிகள் அரசின் பணத்தில் இயங்குபவை என்பதால் நிதியின் முதல் பங்கை அரசு போடுவதே முறை. கிரிக்கெட் சபை தன் ஒளிபரப்பு வருமானத்திலிருந்து இரண்டாவது பங்கைப் போடட்டும். மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் விளையாட்டு அமைச்சின் ஒதுக்கீடு வரும்போது இதைக் கேட்க வேண்டும்.