ஹெல்மெட்டைக் கழட்டாத ஆசாமி

ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மெடிக்கல் ஷாப்புக்கு ஹெல்மெட்டோடு வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, கல்லாவைத் தூக்க வந்தவர். இன்னொன்று, 'அந்த' மாத்திரை வாங்க வந்தவர்.

போன வாரம் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்க நான் நின்றிருந்தபோது ஒரு ஹெல்மெட் வந்தது. கடைக்காரரிடம் கண்ணாலேயே ஏதோ கேட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத சரக்கு. அவரோ, கடலை மிட்டாய் மாதிரி பொட்டலம் கட்டினார்.

"எவ்வளவு?" என்றது ஹெல்மெட். அட, என்னோடு பி.காம். படித்தவன்!

டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று மாசமாகவே 'சரியில்லை'யாம். ஆபீஸில் எவனோ சொல்லிக் கொடுத்தானாம்.

"டாக்டரைக் கேட்டியாடா?"

"இதைப் போய் எப்படி மாப்ளே கேக்கறது!"

காசு எடுக்க சட்டைப்பையில் கைவிட்டான். கூடவே ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. சார்பிட்ரேட். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, போன வருஷம் கொடுத்ததாம்.

எனக்கு டீ இறங்கவில்லை.

சில்டெனாஃபில் என்கிற இந்த மாத்திரையை இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனி முதலில் பரிசோதித்ததே நெஞ்சுவலிக்குத்தான். நெஞ்சுக்குப் பெரிய லாபமில்லை. நல்ல சேதி வேறு இடத்திலிருந்து வந்தது. 1998 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ரத்தக் குழாயைத் தளர்த்துவதுதான் அதன் உத்தியோகம். சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் வகைகளுக்கும் அதே உத்தியோகம். ஒரே அக்கவுண்டில் ரெண்டு பேர் செக் கிழித்தால்? ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி, ஆளே காலி ஆகலாம்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. மாத்திரை போட்ட ராத்திரி நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், வெட்கப்பட்டு மறைக்கவே கூடாது. சில்டெனாஃபில் என்றால் குறைந்தது 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் அவர்கள் நைட்ரேட் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். சம்சாரத்துக்காவது தெரிந்திருக்கட்டும்.

"தைரியத்துக்கு ரெண்டாப் போட்டுக்கலாம்னு..." என்று இழுத்தான் நண்பன்.

ஒரு நாளைக்கு ஒன்றுதான் சார், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. வயிறு முட்ட பரோட்டா, சிக்கன் என்று வெட்டிவிட்டுப் போட்டால் வேலை செய்ய லேட்டாகும். மனசில் ஆசை இல்லையென்றால் வேலையே செய்யாது. நாலு மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்கவில்லையென்றால், பெருமைப்படாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மறுநாள் அவனை டாக்டரிடம் இழுத்துப் போனேன். இந்தக் கோளாறு சிலருக்குச் சர்க்கரையாலும், இதயக் குழாய் அடைப்பாலும் வருமாம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள்.

"மாத்திரை கிடையாதுன்னுட்டார்டா. சுகர் 240" என்றபடி வெளியே வந்தான். இதயத்துக்கும் நாலு டெஸ்ட் எழுதியிருந்தார்.

முடிவெல்லாம் பார்த்துவிட்டு, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். இப்போது காலை ஆறு மணிக்கு மைதானத்தில் மெதுவாக நடக்கிறான், ஹெல்மெட் இல்லாமல். துணைக்கு நான். எனக்கும் தொப்பை இருக்கிறதே!